சைதா டாக்டரின் சம்பள அரிசி

நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. ரங்கூன் சூலே பகோடாவைச் சுற்றி பஸ் ஊர்ந்துகொண்டிருக்க, முன் இருக்கைத் தாயின் தோளில் உறங்கும் குழந்தையின் விலாவையும் தன் கைக்கடிகாரத்தின் முள்ளையும் மாற்றி மாற்றிப் பார்த்து எண்ணிக்கொண்டு வருகிறாள் சைதா. ஒரு நிமிஷம் முடிந்தது. எட்டு மாதக் குழந்தைக்கு நாற்பத்து மூன்று மூச்சு என்றால் பழுதில்லை. அப்போதுதான் தன் மூச்சை விடுகிறாள். முக்காடு போட்ட யாரோ ஒருத்தி தன் பிள்ளையை ஏன் இப்படி முறைக்கிறாள் என்று தாய்க்குச் சந்தேகம். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள். அந்தப் பக்க நெஞ்சும் தெரிந்தது நல்லதாகப் போயிற்று என்று சைதா மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள்.

குழந்தை மருத்துவர். வயது முப்பத்தொன்பது. ஐந்தடிக்கு இரண்டு விரற்கடை குறைவு. அதனால் நோயாளிகள் அவளைத் தங்கள் கட்சி என்றே நினைக்கிறார்கள். கையில் எப்போதும் ஒரு பிஸ்கட் பொட்டலம் இருக்கும். குழந்தைகளுக்கு என்பாள். போய்ச் சேருவதற்குள் பாதி தீர்ந்திருக்கும். வழியில் அத்தனை குழந்தைகளைச் சந்தித்திருப்பாள் என்று நினைக்கிறவர்கள் அவளுடைய வாயோரத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஆட்களின் பெயர் அவளுக்கு நிற்காது. நோய் நிற்கும். பச்சை லுங்கி கட்டிப் பள்ளிக்கூடம் போகும் பெண்களில் ஒருத்தியைக் காட்டி, "அந்தா போகுது பாருங்க, பதினெட்டாம் வருஷத்து டெங்கு. என்னா ஒசரம்!" என்பாள். பயிற்சி டாக்டராக இருந்த காலத்தில் கிழிந்த நாக்கோடு வந்த ஒரு பொடியன் இப்போது வளர்ந்து சிம் கார்டு விற்கிறான். அவன் அவளுக்கு 'ஆறு தையல்'. அவனும் நல்லவன். கடையில் எத்தனை பேர் நின்றாலும் அவளைக் கண்டதும் நாக்கை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் வியாபாரத்தைத் தொடர்வான்.

இந்த நோய்ப் பட்டியலில் பெரும்பகுதி போட்டாதாங்கில் சேர்ந்தது. ஸ்ட்ராண்டு ரோட்டில், ஆற்றைப் பார்த்த ஒரு பழைய கிடங்கின் மாடியில், வெளிநாட்டு நிறுவனம் ஒன்று குழந்தைகளுக்கு இலவச கிளினிக் நடத்தியது. கீழே வெங்காயம், மேலே குழந்தைகள். எதிர்க்கரையிலிருந்து படகில் வரும் தாய்மார் மரப்படியேறி மூச்சு வாங்கி உட்காருவார்கள். குழந்தையை நிறுக்க அழகான வெள்ளைத் தராசு ஒன்று கடல் கடந்து வந்தது. வந்த வாரமே பழுதானது. பிறகு உளுந்து மூட்டை நிறுத்த இரும்புக் கொக்கித் தராசிலேயே துணித் தொட்டில் கட்டினார்கள். கீழே மூட்டை தூக்குகிறவர்களுக்கு அது பெரிய வேடிக்கை.

"ஸயாமா! இன்னைக்குச் சரக்கு எத்தன வீசை?" என்று கீழேயிருந்து கத்துவார்கள். ஸயாமா என்றால் இந்த ஊரில் பெண் டாக்டருக்கும் டீச்சருக்கும் ஒரே மரியாதை. வீசை என்றால் ஒன்றரைக் கிலோ சொச்சம்.

"ரெண்டு வீசை தாண்டியாச்சு!" என்று சைதா ஜன்னலில் தலையை நீட்டிச் சொல்வாள். போன மாதம் ஒன்றரை வீசையில் கிடந்த குழந்தை அது என்று தெரிந்தவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டுக் கை தட்டுவார்கள். கிடங்கு முதலாளி வந்து திட்டுவார். திட்டி முடித்துவிட்டு, "நெசமா ரெண்டு தாண்டிருச்சா?" என்று அவரும் கேட்பார்.

மூன்று வருஷம் ஏழு மாதம் அப்படிப் போனது. ஒரு மழைக்காலத்தில் வெளிநாட்டுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். பிரிவுபசாரத்துக்குக் கேக் வெட்டினார்கள். கேக் மிஞ்சியது, வேலை மிஞ்சவில்லை. அடுத்தது லான்மடாவில் ஒரு தர்ம மருந்தகம். அங்கே ஒரு வருஷம் எட்டு மாதம். கட்டடத்துப் பெரியவர் கண்ணை மூடினார், மகன்கள் கண்ணைத் திறந்தார்கள், விற்றார்கள். சைதா ஊசி போட்ட மேஜையில் இன்றைக்குப் போன் திரைக்குக் கண்ணாடி ஒட்டுகிறார்கள். அழுகைச் சத்தம் குறைந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. விலை கேட்கிற பெரியவர்கள் அழுகிறார்கள்.

இரண்டு இடத்தையும் தாண்டித்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றில்லை. நேர்வழி இருக்கிறது. சைதா வேலை மெனக்கெட்டுச் சுற்று வழியில் போவாள். கிடங்கு மாடியில் அந்தக் கொக்கி இன்னும் தொங்குகிறதா என்று கீழே நின்று அண்ணாந்து பார்ப்பாள். தொங்குகிறது. இப்போது அதில் ஒரு கூண்டுக் கிளி.

இதெல்லாம் வெறும் பழைய நினைப்பாக இருந்தால் நகரத்தில் ஆளுக்கு ஒரு மூட்டை இருக்கிறது, போகட்டும் என்று விட்டுவிடலாம். சைதாவின் பழைய நாட்களுக்கு ஒரு கணக்கு உண்டு. மூன்று ஏழும் ஒன்று எட்டும் சேர்ந்தால் ஐந்து வருஷம் மூன்று மாதம். ஏழு வருஷம் ஆக வேண்டும். ஆனால்தான் அவள் படித்த கடன் தள்ளுபடி.

லான்மடாவில், ஊருக்கே அண்ணன் முறையாகிவிட்ட மீரா முகைதீன் காக்காவின் அரிசி பருப்புக் கடை மாடியில் இயங்குகிறது பாலர் வைத்தியக் கல்வி நிதி. எழுபது வருஷத்துக்கு முன்பு ஒரு பயறு வியாபாரிக்கு ஒரே காய்ச்சல் பருவத்தில் இரண்டு குழந்தைகள் போய்விட்டன. அவர் வைத்துவிட்டுப் போன பணம் அது. குழந்தை வைத்தியம் படிக்க முன்வரும் யாருக்கும் கடன் கொடுக்கும். வட்டி கிடையாது. விதி உண்டு. அந்தக் காலத்துத் தமிழில், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது:

'கடன் பெற்றவர், லாப நோக்கமற்ற ஸ்தாபனத்தில், பாலர்களுக்கு மாத்திரம் சிகிச்சை செய்யும் பொருட்டு, சம்பளம் பெறும் உத்தியோகத்தில் ஏழாண்டு இருப்பாராயின், கடன் முழுவதும் மன்னிக்கப்படும். இடையே ஆறு மாதத்துக்கு மேல் உத்தியோகமின்றி இருப்பின் முந்தைய ஆண்டுகள் செல்லா. கடன் முழுவதும் ஒரே தடவையாக ஜாமீன்தாரரிடம் வசூலிக்கப்படும்.'

தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மாதாமாதம் அடைத்துவிட்டுப் போகலாமே என்று யோசனை சொல்ல ஆள் உண்டு. அந்த விதியில் தவணை என்ற சொல்லே இல்லை. அந்தப் பயறு வியாபாரி தவணை வியாபாரத்தில் ஏமாந்தவராம்.

ஜாமீன்தாரர் உறவினராக இருக்கக் கூடாது என்பதும் விதி. அதனால் கையெழுத்துப் போட்டது அம்சவேணி. சைதா குடியிருக்கும் கட்டடத்தில் எதிர் வீட்டுக்காரி. கியாக்டடாவில் வங்கி வாசல் நடைபாதையில் தோசை போடுகிறாள். ரங்கூனில் அவளைத் தெரியாதவர்கள் உண்டு, அவள் தோசைக்கு வரிசையில் நிற்காத வங்கிக்காரர் கிடையாது. லிப்ட் இல்லாத நாலாம் மாடியில் ஒன்றரை அறை வீடு அவளுக்குச் சொத்து. அதன் பத்திரம் இப்போது மீரா முகைதீன் காக்காவின் அலமாரியில்.

"ஒம்பட தர்மாஸ்பத்திரி மூடுனா எனக்கென்னடி பொண்ணு? நீ பாட்டுக்கு வேல தேடு. நான் பாட்டுக்கு வீட்டுக்கு ஒரு கும்பிடு போட்டுக்கிட்டே படியேறுறேன்" என்பாள் அம்சவேணி. கேலிதான். ஆனால் இப்போதெல்லாம் நாலாம் மாடியில் கதவைத் திறப்பதற்கு முன் நிலையை ஒரு தடவை தொட்டுப் பார்க்கிறாள். அதைச் சைதா எதிர் வீட்டுக் கதவு இடுக்கில் பார்த்துவிட்டாள்.

வேலை தேடுவது என்றால் சைதா தேடிய தேடலை ஊரில் எந்த டாக்டரும் தேடியிருக்க மாட்டார். மற்றவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்பார்கள். சைதா உட்கார்ந்த உடனே, "நீங்க லாபம் பாக்குறீங்களா?" என்று கேட்பாள். முதலில் போன ஆஸ்பத்திரி கண்ணாடியும் குளிருமாக இருந்தது. நிர்வாகி மகிழ்ந்துபோய், போன வருஷ லாபத்தைப் படம் போட்டுக் காட்டினார். சைதா நன்றி சொல்லி எழுந்துவிட்டாள். லாபத்தைக் கேட்டுவிட்டு வேலை வேண்டாம் என்ற முதல் டாக்டரை அவர் வாசல் வரை வந்து பார்த்தார்.

இரண்டாவது ஒரு சின்ன நர்சிங் ஹோம். உரிமையாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "லாபமா! மூணு வருஷமா நஷ்டம்மா. டீசல் விக்கிற வெலையில ஜெனரேட்டரே எங்க சொத்தத் தின்னுது." சைதாவுக்கு நம்பிக்கை வந்தது. ஓடிப்போய் நிதிக் குழுவிடம் சொன்னாள். நிதியின் துணைச் செயலாளர் வாஜித், முப்பது வயது, பர்மியப் பள்ளியில் படித்தவன், சுவரிலிருந்த விதியை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான்:

"லாபம் இல்லாததும் லாப நோக்கம் இல்லாததும் வேற வேற, டாக்டர். அவருக்கு நோக்கம் இருக்கு. லாபந்தான் வரல."

அந்த வாக்கியத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. அதுதான் வாஜித்தோடு உள்ள கஷ்டம்.

மூன்றாவது ஒரு முதியோர் இல்லம். தர்மம் உண்டு, சம்பளம் உண்டு, லாபம் இல்லை. எல்லாம் பொருந்தியது. குழந்தைகள்தான் இல்லை. "எல்லாருமே கொழந்தைங்க மாதிரிதான் ஸயாமா" என்று அங்கிருந்த சத்யபாமா என்ற நர்ஸ் மனதாரச் சொன்னாள். அன்று சைதா அறுபது முதல் தொண்ணூறு வயது வரை பதினோரு குழந்தைகளை இலவசமாகப் பார்த்துவிட்டு, மூச்சை எண்ணிவிட்டு, மிச்சப் பிஸ்கட்டைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஒருவருக்கு மட்டும் கொடுக்கவில்லை. சர்க்கரை.

இப்படி நாலு மாதம் ஓடியது. ஐந்தாவது மாதத்தில்தான் பௌத்த மடம் வந்தது. ஊருக்குக் கிழக்கே பஸ்ஸில் ஒரு மணி நேரம். அங்கே தகரக் கூரைக்குக் கீழே குழந்தைகளுக்கு இலவச வைத்தியம் நடக்கிறது. பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் வெளிநாடு போய்விட்டார். மடத்து நிர்வாகம் டோ கின் ஏ என்ற அம்மாள் கையில். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசி, இடுப்பில் சாவிக் கொத்தோடு, ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறவர். சைதா தயங்கித் தயங்கித் தன் முக்காட்டைத் தொட்டுக் காட்டினாள். டோ கின் ஏ அதைப் பார்த்தார். பிறகு வரிசையைப் பார்த்தார். "நாற்பது குழந்தைகள் இருக்கிறார்கள், ஸயாமா. காலையில் வருவீர்களா, மதியமா?" என்றார். மறுநாள் மதியச் சாப்பாட்டில் மற்றவர்களுக்குப் பன்றிக்கறி, சைதாவின் தட்டில் மட்டும் முட்டை.

போன அன்றே அங்கே அவளுக்கு ஒரு சுகம் வந்துவிட்டது. கூரையில் மழை விழும் சத்தம் போட்டாதாங் கிடங்கின் சத்தமேதான். குழந்தைகளை நிறுக்க இங்கே ஒரு மூங்கில் கூடை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு தாய், "ஸயாமா, எத்தனை வீசை?" என்று கேட்டபோது சைதா தன்னையறியாமல் ஜன்னலைத் தேடினாள். இங்கே ஜன்னல் இல்லை, சுவரே பாதிதான். இருந்தாலும் எடையை உரக்கத்தான் சொன்னாள்.

தர்மம், பாலர், லாபமின்மை. மூன்றும் சேர்ந்த இடத்தைக் கண்டுபிடித்த பெருமையில் நிதிக்குக் கடிதம் கொடுத்தாள். மடத்தில் வேலையா என்று யாராவது கிளப்பி விடுவார்களோ என்று உள்ளுக்குள் பயம். ஒருவரும் கிளப்பவில்லை. நிதிக் குழு வியாபாரிகள் கேட்டது வேறு.

"சம்பளம் எவ்வளவு?" என்றான் வாஜித்.

"சம்பளம் இல்ல. எல்லாருமே சும்மாதான் பாக்குறாங்க."

"சம்பளம் பெறும் உத்தியோகம்னு இருக்கு, டாக்டர். சம்பளம் இல்லன்னா அது உத்தியோகம் இல்ல. சேவை."

"சம்பளம் குடுக்குற எடமெல்லாம் லாபம் பாக்குதே தம்பி?"

"ஹௌட்டே, ஹௌட்டே" என்று வாஜித் ஆமாம் போட்டான். "அதான் கஷ்டம்." உண்மையிலேயே அவளுக்காக வருந்தினான். வருந்திக்கொண்டே கடிதத்தைத் திருப்பித் தந்தான்.

சைதா இதை மடத்தின் தலைவரான ஸயாடோவிடம் போய்ச் சொன்னாள். எழுபது தாண்டிய துறவி. கேட்டுக்கொண்டார். அவருக்குக் கடன், ஜாமீன் எல்லாம் புரிந்ததா தெரியவில்லை. நாலாம் மாடி வீடு புரிந்தது.

"பணத்தை நான் தொடுவதில்லை. அரிசி இருக்கிறது. மாதம் ஒரு மூட்டை. அதைச் சம்பளம் என்று ஒப்புக்கொள்வார்களா உங்கள் ஆட்கள்?"

"அவர்கள் அரிசி வியாபாரிகள்தான், ஸயாடோ."

"அப்படியா?" என்று சற்று யோசித்தார். "அப்படியானால் கஷ்டம்தான். கேட்டுப் பாருங்கள்."

அவர் எதற்குக் கஷ்டம் என்றார் என்பது டோ கின் ஏ பானையைத் திறந்ததும் விளங்கியது. மடத்து அரிசி கடை அரிசி அல்ல. வாரம் ஒரு நாள் பேட்டைக்காரர்கள் வெண்கல மணியைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாக வண்டி தள்ளி வருவார்கள். வீட்டுக்கு வீடு ஒரு குவளை அரிசியைக் கொண்டுவந்து கொட்டுவார்கள். வசதி உள்ளவர் வீட்டு வாசனை அரிசி, இல்லாதவர் வீட்டு நொய், போன வருஷத்துப் பழசு, இந்த வருஷத்துப் புதுசு எல்லாம் ஒரே வண்டியில், ஒரே பானையில்.

நிதிக் குழு கூட்டம் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு. அன்றைக்கு ஆறு மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள். அடுத்த கூட்டம் அடுத்த மாதம்தான். மாதிரிக்கு ஒரு ப்யீ அரிசியை, அதாவது இந்த ஊர் படி ஒன்றை, துணியில் முடிந்துகொண்டு புறப்பட்ட சைதாவை அம்சவேணி தோசைக் கல்லடியில் மறித்தாள். முடிச்சைப் பிரித்துப் பார்த்தாள்.

"அடிப் பாவி. இதையா கொண்டுபோய் முகைதீன் பாய்கிட்ட நீட்டப் போற? வழியில ஒரு ப்யீ நல்ல பவ்சான் அரிசி வாங்கிக் கட்டிக்கிட்டுப் போ. மடத்துல குடுத்ததுன்னு சொல்லு. பாத்தவ யாரு?"

"பருப்ப மோந்தே எந்த ஊரு நெலம்னு சொல்றவரு, அக்கா. அரிசியில போய் அவருகிட்டப் பொய் சொல்லவா?"

"அவரு மூக்குக்குப் பயந்தா சொல்ற?"

சைதா முடிச்சை மறுபடி கட்டினாள். நாற்பது குழந்தைகளின் தெருக்காரர்கள் போட்ட அரிசியை மாற்றி வைக்கக் கை வரவில்லை என்று சொன்னால் அம்சவேணி அடிக்க வருவாள். அவளுடைய வீடல்லவா போகப் போகிறது. அம்சவேணி ஒரு தோசையை மடித்து வாழையிலையில் வைத்தாள். "சாப்ட்டுட்டுப் போ. வெறும் வயித்தோட போனா எல்லாத்துக்கும் தலையாட்டிட்டு வந்துருவ."

கூட்டத்தில் ஐந்து பேர். மீரா முகைதீன் காக்கா செயலாளர், வாஜித் துணை. மற்ற மூவரும் தேநீருக்காக உறுப்பினர்கள். கடைக்காரர்கள், வயதானவர்கள், தீர்மானம் வரும்போது கை தூக்குவார்கள், கையில் கப் இருந்தால் அதுவும் இல்லை.

காக்கா முடிச்சை அவிழ்த்தார். ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். புருவம் மேலே போனது.

"என்ன புள்ள இது?"

"சம்பளம் காக்கா."

"இது அரிசியே இல்லியே. இது ஒரு ஊரு."

ஒற்றை விரலால் மணிகளைத் தள்ளித் தள்ளிப் பிரிக்கத் தொடங்கினார். "இது பவ்சான். ஷ்வேபோ சரக்கு. கட்டையா, முத்து மாதிரி. இத போட்டவ வீட்டுல ஏதோ நல்ல காரியம் நடந்திருக்கு. இந்த நீட்டு அரிசி எமத்தா. மாசச் சம்பளக்காரன் வீடு. இது நொய்." விரல் அங்கே சற்று நின்றது. "இத போட்டவ வீட்டுல அன்னைக்கு ஒலை வெச்சிருக்க மாட்டா. அதுக்காகப் போடாம இருக்கலை."

பிறகு ஒரு மணியைத் தனியே நகர்த்தினார். தவிட்டு நிறம், முதுகில் ஒரு சிவப்புக் கோடு. கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். பல்லில் வைத்துக் கடித்தார்.

"சுலைமான், இங்க வா. இது என்ன சொல்லு."

தேநீர் உறுப்பினர்களில் ஒருவரான சுலைமான் காக்கா கப்பை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அவர் எழுந்து வந்ததை நிதியின் வரலாற்றில் வாஜித் அப்போதுதான் பார்த்தான்.

"யா அல்லா. நம்ம கறுப்புப் படகு அரிசி."

"பதினஞ்சு வருஷமாச்சு நான் பாத்து."

"எனக்கு இருவது. அந்தக் கறுப்புப் படகுல வந்து போட்டாதாங்குல எறங்கும். தண்ணி பட்ட மூட்டையப் பிரிச்சுக் காயப்போட்டா ரோடு முழுக்க மணக்கும். ஒங்க வாப்பா காக்காயை வெரட்ட நம்மளத்தானே குந்த வெப்பாரு?"

"நீ வெரட்டுன! காக்காயோட சேந்து தின்ன."

மற்ற இருவரும் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். படகு எத்தனை மணிக்கு வரும், எந்தப் படித்துறை, யார் கிடங்கு, அங்கே இட்டிலி விற்றவள் பெயர் என்ன என்று பேச்சு ஆற்றோடு போனது. சைதாவும் அந்தக் கிடங்கைத் தெரியும் என்றாள். "அந்த இரும்புக் கொக்கி இருக்கா இன்னும்?" என்று சுலைமான் காக்கா ஆசையாகக் கேட்டார். இருக்கிறது என்றாள். கிளியைப் பற்றிச் சொல்லவில்லை.

வாஜித் தொண்டையைச் செருமினான். "காக்கா. சம்பளம்கிற எடத்துல என்னா எழுதட்டும்? விலை வேணும்."

மீரா முகைதீன் காக்கா ஆற்றிலிருந்து கரையேறினார். "கலப்புக்கு மார்க்கெட்டுல வெல கெடையாதே."

"வெல இல்லன்னா சம்பளம்னு எழுத முடியாது. அது தானம். தானம் வாங்கினா சேவை. உத்தியோகம் இல்ல."

"அடுத்த கூட்டத்துல பேசுவமா?"

"ஒன்பது நாள்தான் இருக்கு காக்கா" என்றான் வாஜித். பத்திரம் இருந்த அலமாரியை அவன் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

காக்கா தாடியைத் தடவினார். பிறகு, ஐம்பது வருஷம் கல்லாவில் உட்கார்ந்த மனிதருக்குத் தோன்ற வேண்டியது தோன்றியது. "வாங்குறவன் ஒருத்தன் இருந்தா வெல இருக்குன்னுதான் அர்த்தம். நான் வாங்கிக்கிறேன். ப்யீ நாலாயிரம். மாசாமாசம் மூட்டையோட கொண்டாந்து போடட்டும். எழுதுடா." சட்டைப் பையிலிருந்து நாலு ஆயிரம் க்யாட் நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

வாஜித் எழுதவில்லை. பேனா மூடியைக் கடித்தான். "கோவிச்சுக்காதீங்க காக்கா. நீங்க பாவம் பாத்து வாங்குறீங்க. பாவம் பாத்துக் குடுக்குற காசு ஸதக்கா. அது வியாபாரம் இல்ல. வியாபாரம் இல்லன்னா அது வெலையும் இல்ல."

"எலே, நான் பாவம் பாத்துதான் வாங்குறேன்னு ஒனக்கு எப்படித் தெரியும்?"

"ஒரு வார்த்த பேரம் பேசாம நீங்க எதையாவது வாங்கி நான் பாத்ததில்ல."

சுலைமான் காக்கா கப்பை எடுத்தார், அது காலியாக இருந்தது, திரும்ப வைத்தார். மீரா முகைதீன் காக்கா நோட்டுகளை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் விரலை அதன் மேல் வைத்துக்கொண்டிருந்தார். சைதா அந்த விரலையும் நோட்டுகளையும் பார்த்தாள். எத்தனையோ குழந்தைகளின் நெஞ்சைப் பார்த்த அதே பார்வை. ஒரு நிமிஷம் இருக்கும்.

"நாலாயிரத்துக்குக் கட்டாது காக்கா" என்றாள்.

"என்னது?"

"அஞ்சரை."

"அஞ்சரையா?" காக்காவின் முதுகு நிமிர்ந்தது. "நொய்யும் கல்லுமாக் கெடக்குற கலப்புக்கு அஞ்சாயிரத்து ஐநூறா?"

"கல்லு ஒண்ணு காட்டுங்க. பொடச்சு, பொறுக்கிக் குடுத்த அரிசி."

"பவ்சானே எட்டுதான் புள்ள விக்குது!"

"பவ்சான் எல்லாக் கடையிலயும் இருக்கு. இது எந்தக் கடையில இருக்கு? பதினஞ்சு வருஷமாப் பாக்கலன்னு நீங்கதானே சொன்னீங்க."

"அது ஒரு மணி!"

"ஒங்க கடையில அந்த ஒரு மணி இருக்கா?"

சுலைமான் காக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். மீரா முகைதீன் காக்காவுக்குக் காது சிவந்துவிட்டது. நிதி, கடன், ஜாமீன், சுவரிலிருந்த விதி எதுவும் அவர் நினைவில் இல்லை. கண்ணுக்கு எதிரே அரிசியும், விலை இறங்காத ஒரு ஆளும் மட்டும்தான்.

"நாலாயிரத்து எரநூறு."

"அஞ்சரை."

"நாலாயிரத்து எண்ணூறு. மூட்டைக் கூலி ஒன்னுது. அதுக்கு மேல ஒரு க்யாட் ஏறாது, சொல்லிட்டேன்!"

இது பேரம்தான் என்று வாஜித் மைப்பெட்டியைத் திறந்தான். முத்திரையை ஒற்றி எடுத்து, காகிதத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு, எந்த விலை எழுதுவது என்று இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

சைதா மேஜையில் சிதறிய மணிகளைக் கூட்டி அள்ளித் துணியில் போட்டாள். நாலு முனையையும் சேர்த்து இறுக்கி முடிந்தாள். முடிச்சை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விலை படியாத வியாபாரி மாதிரி வாசலைப் பார்த்து எழுந்துகொண்டாள்.